காட்டுப்பள்ளியில் காலக் கணக்கு

சென்னைக்கு வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தைத் தாண்டியதும், கிழக்கே வங்கக் கடலும் மேற்கே பக்கிங்ஹாம் கால்வாயும் எல்லையாக அமைய, பழவேற்காட்டு முகத்துவாரம் வரையில் ஒடுங்கி நீண்டு கிடக்கும் மணல் திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் செல்பவர்களுக்கு, அத்திப்பட்டுப் புதுநகரை நெருங்கும்போதே அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகள் வானத்தை மறைத்துக்கொண்டு எழுவது தெரியும். மீஞ்சூரில் இறங்கிக் கிழக்கு நோக்கிச் செல்லும் சாலையில் பிரயாணம் செய்தால், ஒரு பக்கத்தில் சவுக்குத் தோப்பும் உப்பங்கழியும், மறுபக்கத்தில் வரிசையாக ஊர்ந்து செல்லும் கனரக வாகனங்களுமாக, இரண்டு யுகங்கள் ஒன்றன்மேல் ஒன்று வைக்கப்பட்டது போன்ற காட்சியைக் காணலாம்.

இந்தப் பிரதேசத்தின் ரூபம் மாறியது மிகச் சமீப காலத்தில்தான். 2001ஆம் ஆண்டில் நாட்டின் பன்னிரண்டாவது பெருந்துறைமுகமாக எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. பின்னர் 2014இல் அதற்குக் காமராஜரின் பெயர் சூட்டப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010இல் காட்டுப்பள்ளியிலேயே எழுந்தது. லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம் நிர்மாணித்த கப்பல் கட்டும் தளமும், 2013இல் திறக்கப்பட்ட சரக்குப்பெட்டகத் துறைமுகமும் அதன் அருகே அமைந்தன. துறைமுகம் 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு மாறியது. இவற்றுக்கு இடம் கொடுத்துக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவ ஜனங்கள் தங்கள் கரையை விட்டு வேறிடம் சென்று குடியேறினார்கள் என்பதையும் இதே மூச்சில் சொல்லிவிட வேண்டும். ஒரு பிரதேசத்தின் வளர்ச்சியைக் கணக்கிடுகிறவர்கள் அந்தக் கணக்கில் முதலில் மறந்துவிடுகிற வரி அதுதான்.

நான் அங்கே சென்றது துறைமுகத்தின் அழகைப் பார்ப்பதற்காக அல்ல. அரசாங்க நிர்வாகத்துக்குள் கணினியும் காலவரம்பும் தரவரிசையும் புகுந்து ஒரு தலைமுறைக் காலம் ஆகப்போகிறது. இந்த ஏற்பாடுகளினால் காத்திருப்பவனுடைய காத்திருப்பு மெய்யாகவே குறைந்திருக்கிறதா, குறைந்திருக்குமானால் யாருக்குக் குறைந்திருக்கிறது என்பதை ஒரே ஊரில் வைத்துப் பார்ப்பதற்கு, உலக வர்த்தகமும் குப்பத்து வாழ்வும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்ளும் இந்த மணல் திட்டைக் காட்டிலும் உசிதமான ஸ்தலம் இருக்க முடியாது என்று எனக்குத் தோன்றிற்று.

அளவெடுக்கப்படுவது இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஆர்க்காட்டு நவாபு 1763இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்த செங்கற்பட்டுச் சீமையில் பொன்னேரியும் அடக்கம். அந்த ஜாகீரைப் பற்றி விவரமாக அறிந்துகொள்ள விரும்பிய கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்னும் உத்தியோகஸ்தரை நியமித்து, 1767 முதல் 1774 வரையில் ஏறக்குறைய இரண்டாயிரம் ஊர்களின் கணக்கைத் திரட்டிற்று. அந்தக் கணக்கின் மூலம் ஊர்க் கணக்குப்பிள்ளைகள் தமிழில் எழுதி வைத்திருந்த பனையோலைச் சுவடிகளே. ஊரின் மொத்த நிலம் எவ்வளவு, அதில் பயிராவது எவ்வளவு, ஏரி எத்தனை, எந்தத் தொழில் செய்யும் குடிகள் எத்தனை வீடு, களத்தில் நெல்லை அளப்பதற்கு முன்னே கோயிலுக்கும் வெட்டியானுக்கும் தச்சனுக்கும் மருத்துவனுக்கும் மேரையாகப் பிரிக்கப்படும் பங்கு எவ்வளவு என்பவையெல்லாம் அவற்றில் இடம் பெற்றிருந்தன. வரி எவ்வளவு வாங்கலாம் என்று தெரிந்துகொள்வதே கம்பெனியின் நோக்கமாக இருந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், ஊராரே எழுதி ஊராருக்கே தெரிந்திருந்த கணக்கை ஆதாரமாகக் கொண்டமையால், இருநூறு ஆண்டுகள் கழித்துத் தரம்பால் என்னும் ஆராய்ச்சியாளரும் அவர் வழிவந்தவர்களும் அச்சுவடிகளை எடுத்து வாசித்தபோது, ஒரு சமுதாயம் தன்னை எப்படிப் பரிபாலித்துக்கொண்டது என்பதே அவற்றிலிருந்து புலனாயிற்று. பிற்காலத்து அளவைகளிலே இந்தக் குணம் மெல்ல மெல்ல மறைந்தது. கணக்கு மேலே போகும். ஆனால் கணக்கில் வருகிறவனுக்கு அதிலே என்ன எழுதியிருக்கிறதென்று தெரியாது.

துறைமுகச் சாலையோரத்துத் தேநீர்க் கடை ஒன்றில், டிரெய்லர் ஓட்டும் நடுவயது மனிதர் ஒருவரோடு சம்பாஷணை வாய்த்தது. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பல ஆண்டுகளாகத் துறைமுகத் தொழிலிலேயே இருக்கிறவர். தம்முடைய வண்டியிலிருந்த பெட்டியின் கதவைக் காட்டி, அதில் பொருத்தியிருந்த மின்னணு முத்திரையையும், கைப்பேசியில் வந்திருந்த நுழைவுச் சீட்டையும், இ-வே பில்லையும் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு விளக்கினார். முன்பெல்லாம் காகிதங்களை அள்ளிக்கொண்டு ஒவ்வொரு மேஜையாக அலைந்த காலத்தை அவர் நன்றாக நினைவில் வைத்திருந்தார். அந்த அலைச்சல் ஒழிந்ததில் அவருக்கு உண்மையான சந்தோஷம்.

"இப்போ பொட்டி எங்க நிக்குதுன்னு ஓனர் வீட்டுல உக்காந்தே பாத்துக்குவாரு சார். அது நல்லதுதான். ஆனா ஒண்ணு, எந்தத் துறைமுகமா இருந்தாலும் சரி, கேட்டுக்குள்ள போன பிறகுதான் நிமிஷக் கணக்கு ஓடும். கேட்டுக்கு வெளிய ரோட்டுல நிக்கிறோம் பாருங்க, அது எந்தக் கணக்குலயும் வராது."

அவர் இதைக் குறையாகக்கூடச் சொல்லவில்லை. தொழில் நுணுக்கத்தைச் சொல்லும் பாவனையிலேயே சொன்னார். கடிகாரத்தை எந்த இடத்தில் ஓடவிடுகிறோம் என்பதே அளவையின் உயிர்நாடி என்று அப்போது எனக்குப் பட்டது. பிரிட்டனிலே, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வரும் நோயாளியை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்தாக வேண்டும் என்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓர் இலக்கு விதித்தார்கள். அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆயினும், நோயாளி உள்ளே வந்த பிறகே கடிகாரம் ஓடத் தொடங்கும் என்பதனால், சில இடங்களில் அவர்கள் வாசலில் ஆம்புலன்ஸ் வண்டியிலேயே காக்க வைக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. இலக்கு நிறைவேறியது மருத்துவமனைக்கு. நேரம் கழிந்ததோ நோயாளிக்கு.

இந்த விஷயத்தில் நம்முடைய சுங்கத் துறை கைக்கொண்டிருக்கும் முறையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். உலக சுங்க நிறுவனம் வகுத்துக் கொடுத்த வழியைப் பின்பற்றி, ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தின் முதல் வாரத்தில் தாக்கலாகும் இறக்குமதிப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு, சரக்கு வந்து சேர்ந்த நேரம் தொடங்கி அது விடுவிக்கப்பட்ட நேரம் வரையில் எத்தனை மணி கழிந்தது என்று அத்துறை கணக்கிடுகிறது. அதிகாரியின் மேஜைக்குப் பத்திரம் வந்த நேரத்திலிருந்து அல்ல, சரக்கு வந்த நேரத்திலிருந்து என்பதைக் கவனிக்க வேண்டும். கடல்வழிச் சரக்குக்கு 48 மணி நேரம் என்பது இலக்கு. அந்த 48 மணியைக் கூறு கூறாகப் பிரித்து, இறக்குமதி செய்தவர் பத்திரம் தாக்கல் செய்யத் தாமதித்தது எவ்வளவு, வரி கட்டத் தாமதித்தது எவ்வளவு, அதிகாரி பரிசீலிக்க எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று பகுத்துக் காட்டி, அந்த அறிக்கையை எல்லோரும் வாசிக்கும்படி வெளியிடவும் செய்கிறார்கள். தாமதத்துக்குத் தாங்களே காரணமாக இருக்கும் இடத்தையும் மறைப்பதில்லை. இன்ன ஊரில் இறங்கிய சரக்கை இன்ன ஊர் அதிகாரிதான் மதிப்பிட வேண்டும் என்ற கட்டையும் அவிழ்த்து, 2020 ஜூன் 8ஆம் தேதி சென்னையிலும் பெங்களூரிலும் முகமறியா மதிப்பீட்டைத் தொடங்கி, அதே ஆண்டு அக்டோபர் முடிவதற்குள் நாடு முழுவதற்கும் விஸ்தரித்துவிட்டார்கள். சென்னையில் இறங்கும் ஒரு பெட்டியின் பத்திரத்தை எங்கோ ஒரு வடநாட்டு நகரத்து அதிகாரி பரிசீலிக்கலாம். அவருக்கு இறக்குமதியாளரின் முகம் தெரியாது. முகம் தெரியாதபோது தயவுக்கும் தாட்சண்யத்துக்கும் வேறு சிலவற்றுக்கும் இடமில்லாமற் போகிறது.

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் பக்கம் போனாலும் இதைப் போன்ற ஒரு மாறுதலைக் காணலாம். தொழில் தொடங்குவதற்கான அனுமதிகளை ஒற்றைச் சாளரத்தின் வழியாகக் காலவரம்புக்குள் தர வேண்டும் என்று தமிழ்நாடு 2018இல் சட்டமே செய்தது. மாநிலங்களைத் தொழில்புரிவதற்கான சௌகரியத்தின்படி வரிசைப்படுத்தி மத்திய அரசு 2020 செப்டம்பரில் வெளியிட்ட பட்டியலில் நம் மாநிலத்துக்குக் கிடைத்தது பதினான்காம் இடம்; அடுத்து 2022 ஜூனில் வந்த பட்டியலில் முதல்நிலைச் சாதனையாளர் வரிசையில் இடம் பெற்றது. இதிலே நாம் கவனிக்கத்தக்கது இடம் உயர்ந்ததன்று. சீர்திருத்தம் செய்துவிட்டோம் என்று மாநில அரசுகள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், அந்தச் சேவையைப் பயன்படுத்திய தொழில்முனைவோரையே கேட்டு, அவர்கள் ஆமென்று சொன்னதைக் கொண்டு மதிப்பெண் போட்டார்கள் என்பதுதான் அது. ஆலை வைக்கிறவரைக் கேட்டுப் போடப்பட்ட மதிப்பெண்ணாகையால் அது ஆலை வைக்கிறவருக்குப் பயன்பட்டது.

இனி, சரக்கும் ஆலையும் இல்லாதவர்களிடம் வருவோம். துறைமுகச் சாலையில் திரும்பி வருகையில், ஓர் இ-சேவை மையத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருக்க வாய்த்தது. கல்லூரிப் படிப்பை முடித்த இளம்பெண் ஒருத்தி கணினியின் முன் இருந்தாள். சிறிய அறை, சுவரில் ஒவ்வொரு சான்றிதழுக்கும் என்னென்ன இணைக்க வேண்டுமென்ற பட்டியல், வாசலில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்து நின்ற ஒரு மூதாட்டி. கணவர் காலமான பின்பு வீட்டு மனைப் பட்டாவைத் தம் பெயருக்கு மாற்றக் கேட்டு ஏற்கெனவே விண்ணப்பித்திருந்தார். அது என்ன ஆயிற்று என்று கேட்க வந்திருக்கிறார். மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதனுள்ளே நான்காக மடித்த ஒப்புகைச் சீட்டு, ஆதார் அட்டை, இறப்புச் சான்றிதழின் நகல், ரேஷன் அட்டை எல்லாம் வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஆயா, இது தள்ளுபடி ஆயிடுச்சு. 'உரிய ஆவணங்கள் இணைக்கப்படவில்லை'ன்னு போட்டிருக்காங்க."

"எல்லாத்தையும்தான குடுத்தேன் பாப்பா. எது இல்லியாம்?"

அந்தப் பெண் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். எது இல்லை என்று அதில் எழுதியிருக்கவில்லை. பிறகு தானே ஒவ்வொரு காகிதமாக ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தாள்: ஆதாரில் கணவரின் பெயருக்கு முன்னால் தகப்பனாரின் முதலெழுத்து இருக்கிறது, பட்டாவில் அந்த எழுத்து இல்லை. இரண்டு பெயரும் ஒருவரே என்று ஒரு சான்று வாங்கி வந்தால் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்றாள். மூதாட்டி கேட்ட அடுத்த கேள்வியை நான் மறக்க மாட்டேன்.

"அப்போ பழைய நம்பரு என்ன ஆவும்?"

"அது முடிஞ்சிடுச்சு ஆயா. இனிமே புது நம்பர்தான்."

இதில் யாரையும் குற்றவாளியாக்குவதற்கு நான் இதை எழுதவில்லை. தள்ளுபடி செய்த உத்தியோகஸ்தருக்கு முன்னால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் இருந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் நாள் வரம்பு இருந்திருக்கும். வரம்பைத் தாண்டினால் சிவப்பு நிறத்தில் அவருடைய பெயருக்கு நேரே ஓர் எண் ஏறியிருக்கும். மூதாட்டியை அழைத்து விசாரித்து, முதலெழுத்து விடுபட்ட சங்கதியைத் தீர்த்து வைக்கப் புகுந்தால் வரம்பு கடந்துவிடும். ஒரு வரியில் தள்ளுபடி எழுதினால் வரம்புக்குள் முடிந்துவிடும். அளவையானது அவருக்கு இரண்டாவது வழியையே சிபாரிசு செய்கிறது. மாவட்டத் தலைமையிடத்திலே பார்க்கிறவர்களுக்கு அது காலத்தில் தீர்க்கப்பட்ட மனு. புதிய எண்ணில் மறுபடி வரும்போது அது நேற்றுப் பிறந்த மனு. கணவர் இறந்த நாளிலிருந்து அந்த அம்மையார் காத்துக்கொண்டிருக்கும் காலம் எந்தத் திரையிலும் இல்லை. பெட்டிக்கு, வந்திறங்கிய நேரத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. மூதாட்டிக்கோ ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

தமிழக அரசு 2021இல் முதல்வரின் முகவரி என்ற தனித் துறையை ஏற்படுத்தி, பல வழிகளில் வந்துகொண்டிருந்த மனுக்களை ஒருங்கே கொணர்ந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23ஆம் தேதி, துறைகளின் செயற்பாட்டை முதலமைச்சரே தம் அறையிலிருந்து பார்வையிடுவதற்கான தகவல் பலகையும் தொடங்கி வைக்கப்பட்டது. அணையில் நீர் எவ்வளவு, மழை எங்கே எவ்வளவு, மனுக்கள் எத்தனை வந்தன, எத்தனை நிலுவையில் நிற்கின்றன என்று அதில் பார்க்கலாம். இது பெரிய முன்னேற்றம் என்பதே என் அபிப்பிராயம். மேலேயிருப்பவர் பார்க்கிறார் என்ற உணர்ச்சி ஒன்றே கீழேயுள்ள பல காரியாலயங்களில் தூசு படிந்த கோப்புகளை நகர்த்தியிருக்கிறது. ஆனால் அணையின் நீர்மட்டம் தன்னைப் பற்றிப் பொய் சொல்லாது. மனுவின் நிலையோ, அதை முடித்து வைப்பவரே எழுதும் வார்த்தை. இரண்டையும் ஒரே பலகையில் வைத்து ஒரே மாதிரி நம்புவதில்தான் அபாயம் இருக்கிறது.

நம் அண்டை மாநிலமான கர்நாடகம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பூமி என்ற திட்டத்தின் கீழ், சுமார் 67 லட்சம் விவசாயிகளுக்கு உரிய இரண்டு கோடி நிலப் பதிவுகளைக் கணினியில் ஏற்றியபோது, ராஜீவ் சாவ்லா என்ற ஆட்சிப் பணி அதிகாரியின் மேற்பார்வையில் இரண்டு காரியங்களைச் செய்தார்கள். முதலாவது, கையால் எழுதிய பத்திரம் இனிச் செல்லாது என்று அறிவித்தது. அதை எல்லோரும் அறிவார்கள். மற்றொன்று அவ்வளவாகப் பேசப்படாதது: தாலுகா மையத்தில் பணியாளருக்கு ஒரு திரை இருந்ததைப் போலவே, ஜன்னலுக்கு வெளியே நிற்கும் விவசாயியை நோக்கி இன்னொரு திரையையும் வைத்தார்கள். உள்ளே இருப்பவர் தட்டுவது வெளியே நிற்பவருக்கும் அதே கணத்தில் தெரிந்தது. அந்த இரண்டாவது திரைக்கு ஆன செலவு அற்பமே. ஆனால் அதைப் போல் ஜனங்களுக்கு மரியாதை செய்த ஏற்பாடு நம் நிர்வாக சரித்திரத்தில் அதிகமில்லை. மீன் கூடையோடு வந்த மூதாட்டியின் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்ட இடத்தில் அப்படியொரு திரை அவரை நோக்கி இருந்திருக்குமானால், எந்த எழுத்து விடுபட்டது என்பது அங்கேயே தெரிந்திருக்கும்.

நம்மிடமும் இதற்கு ஒப்பான சம்பிரதாயம் ஒன்று இல்லாமற் போகவில்லை. பசலி ஆண்டு முடிவதற்கு முன்பாக, மே, ஜூன் மாதங்களில், ஒவ்வொரு தாலுகாவிலும் ஜமாபந்தி நடக்கிறது. கிராம நிர்வாக அலுவலர்கள் அடங்கல் முதலான கணக்குப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வருவார்கள்; மாவட்ட ஆட்சியரோ கோட்டாட்சியரோ அமர்ந்து ஊர் ஊராகக் கணக்கைத் தணிக்கை செய்வார்; ஊராரும் வந்து மனுக் கொடுப்பார்கள். அந்தச் சமயத்தில் செய்யப்படும் காரியங்களுள் ஒன்று, கிராமத்தில் நிலம் அளக்கும் சங்கிலியைச் சோதித்தல். அதை வேறொரு தாலுகாவில் நான் பிரத்தியட்சமாகப் பார்த்திருக்கிறேன். சங்கிலிகளைக் காரியாலய வாசலில் தரையில் நீட்டிப் பிடித்து, நீளம் சரிதானா, கண்ணி எங்காவது நெளிந்திருக்கிறதா, வளையம் வாய் பிளந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். பழைய சங்கிலி 66 அடி, 100 கண்ணி. புழங்கப் புழங்க வளையங்கள் தேய்ந்து சங்கிலி நீண்டுபோகும். நீண்டுபோன சங்கிலியால் அளந்தால், அளக்கிறவர் எவ்வளவு யோக்கியராக இருந்தாலும், குடியானவனின் நிலம் கணக்கில் குறைந்துவிடும். ஆகவே, நிலத்தை அளக்கும் உத்தியோகஸ்தரைக் கண்காணித்ததோடு நில்லாமல், அவர் கையிலிருந்த அளவுகோலையே ஆண்டுக்கொரு முறை எல்லோருக்கும் எதிரில் பரீட்சித்தார்கள்.

கணினிப் பலகையில் மனுக்களை அளக்கும் சங்கிலியை இன்று யார் எங்கே நீட்டிப் பார்க்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு விடையாக என் மனத்தில் ஒரு யோசனை உண்டு. அதை வருவாய்த் துறையினர் முன் பணிவோடு வைக்கிறேன். ஜமாபந்தி நாளில் ஊர்க் கணக்கோடு, அந்த ஊரிலிருந்து கடந்த ஆண்டு வந்து முடிக்கப்பட்டதாகப் பதிவான மனுக்களின் பட்டியலையும் அச்சிட்டுக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து பத்து மனுக்களை ஊராரே தேர்ந்தெடுக்கட்டும்; மனுதாரர் இசைந்தால் அவரையே எழுப்பி, காரியம் முடிந்ததா என்று ஆட்சியர் நேரில் கேட்கட்டும். முடியவில்லை என்றால் பழைய எண்ணிலேயே அது மீண்டும் திறக்கப்பட்டு, முதன்முதல் விண்ணப்பித்த தேதியிலிருந்தே காலம் எண்ணப்பட வேண்டும். தள்ளுபடி செய்வதானால் எந்த ஆவணம் இல்லை என்று பெயர் சொல்லி எழுதாமல் திரை அடுத்த பக்கத்துக்கு நகராதபடி மென்பொருளை அமைப்பதும் நம் தமிழகத்துப் பொறியாளர்களுக்கு அரிய காரியமன்று.

பொன்னேரித் தாலுகாவில் இதைத் தொடங்கலாம். விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையில் இருப்பதால், ஜமாபந்தி நடக்கும் நாட்களில் பெரும்பாலும் அந்தப் படகுகளில் தொழிலுக்குச் செல்லும் ஆண்கள் ஊரில் இருப்பார்கள். நாட்டுப்படகுக்காரர்களும் மீன் விற்கும் பெண்களும் விடியற்காலைத் தொழிலை முடித்துவிட்டு வர வேண்டியிருப்பதனால், கடலோரக் கிராமங்களின் முறையைப் பிற்பகலில் வைத்துக்கொண்டால் போதும்.